வீட்டில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டை ஒழுங்குபடுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் எதைத் தூக்கிப் போடலாம் என்ற எண்ணத்தோடுதான் அலமாரியைத் திறக்கிறார்கள். நாம் உண்மையில் விரும்பும் பொருள்கள் அடைசலுக்கு அடியில் கிடக்கின்றன என்பதும், அவற்றை வெளியே எடுத்துக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துப் புழங்குவதற்காகவே மற்றவற்றை விடுகிறோம் என்பதும் என் உறுதியான கருத்து. கீழே உள்ள விடைகள் அந்தக் கருத்தை அடிப்படையாகக் கொண்டவை.

எங்கிருந்து தொடங்குவது?

விரும்பும் பொருள்களிலிருந்து தொடங்குங்கள். எவை இல்லாமற்போனால் நாளைக்கே தேடுவீர்கள், எவற்றைக் கையில் எடுத்தால் முகம் மலர்கிறது என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் நாம் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருக்கும். அதில் உள்ள சில பொருள்கள் எங்கே இருக்கின்றன என்பதே நினைவுக்கு வராது. அந்தச் சிலவற்றைத் தேடி எடுத்து நல்ல இடத்தில் வைப்பதுதான் முதல் நாள் வேலை. அது முடிந்தால் மற்ற வேலைகளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அதன்பின் களையத் தொடங்கும்போது மனத்தை அதிகம் அசைக்காத மூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலாவதியான மருந்தையோ, மை வற்றிய பேனாவையோ, மூடி தொலைந்த டப்பாவையோ கழிப்பதற்கு யாரும் தயங்குவதில்லை. இத்தகைய எளிய முடிவுகளை எடுத்துப் பழகிய பிறகு கடினமானவற்றுக்குப் போகலாம். மறைந்தவர்களின் பெட்டியையும் பழைய கடிதக் கட்டையும் முதல் நாளே பிரித்துவிட்டால், மாலைவரை தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்போமே தவிர வேலை நகராது.

ஒரு பொருள் மகிழ்ச்சி தருகிறதா என்பதை எப்படி அறிவது? துடைப்பமும் வாளியும் மகிழ்ச்சி தருமா?

ஒரே வகைப் பொருள்களை எல்லா அறைகளிலிருந்தும் ஓரிடத்தில் குவித்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அது மனத்தைத் துள்ளவைக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கும் முறையை உலகெங்கும் பரப்பியவர் ஜப்பானைச் சேர்ந்த மரி கோண்டோ. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, குவிப்பதும் கையில் எடுப்பதும்தான். கத்தரிக்கோல்கள் ஆறு இழுப்பறைகளில் சிதறிக் கிடக்கும்வரை நம்மிடம் ஒன்றுகூட இல்லை என்றுதான் தோன்றும், ஏழாவதையும் வாங்குவோம். எல்லாவற்றையும் ஒரே மேசையில் பார்த்த பிறகு அந்த எண்ணம் வராது. அதேபோல், தொலைவில் நின்று அலமாரியைப் பார்க்கும்போது எல்லாமே தேவைப்படுவதுபோல் தெரியும். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்போதுதான் அதன் விரிசலும் துருவும் கண்ணில் படும்.

துடைப்பத்தையும் வாளியையும் அந்த அளவுகோலால் அளக்க வேண்டியதில்லை. அன்றாடக் கருவிகளைப் பொறுத்தவரை நான் பரிந்துரைக்கும் கேள்வி வேறு: வேலை வரும்போது கை தானாக எதைத் தேடுகிறது? இரண்டு கத்திகள் அருகருகே இருந்தாலும், பிடி தேய்ந்து உள்ளங்கைக்கு ஏற்றபடி வழவழப்பான ஒன்றைத்தான் கை எடுக்கும், மற்றது ஆண்டுக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும். கை தேர்ந்தெடுப்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மகிழ்ச்சிக்கும் விலைக்கும் தொடர்பு குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். உளவியலாளர் மிகாய் சிக்சென்ட்மிகாயியும் சமூகவியலாளர் யூஜின் ராக்பெர்க்-ஹால்டனும் சிகாகோ பகுதியில் உள்ள குடும்பங்களிடம், உங்கள் வீட்டில் உங்களுக்குச் சிறப்பான பொருள்கள் எவை, ஏன் என்று கேட்டு, முடிவுகளை 1981-இல் வெளியிட்டார்கள். மக்கள் சொன்ன காரணங்களில் நினைவுகளும் உறவுகளும் அனுபவங்களுமே மேலோங்கி நின்றன. இளையோர் பெரும்பாலும் தாங்கள் இயக்கி மகிழும் பொருள்களைச் சொன்னார்கள். முதியோரோ ஒளிப்படங்களைப் போன்ற, நினைவைத் தாங்கும் பொருள்களைச் சொன்னார்கள். ஆகவே ஒரே வீட்டில் இருவருடைய பட்டியல் ஒத்துப்போகாவிட்டால் அதில் வியப்பில்லை.

பயன்படுத்தாத பொருளைக்கூட விட மனம் வராதது ஏன்?

இது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு. நம்முடையதாகிவிட்ட ஒரு பொருளுக்கு, அது நம்முடையதாக இல்லாதபோது கொடுத்திருக்கக்கூடிய மதிப்பைவிட அதிக மதிப்பைக் கொடுக்கிறோம். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1980-இல் இதற்குப் பெயரிட்டு எழுதினார். பிறகு அவரும் டேனியல் கானமனும் ஜாக் நெட்ச்சும் நடத்தி 1990-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு வகுப்பில் பாதி மாணவர்களுக்குச் சாதாரணக் கோப்பைகளைக் கொடுத்து, விற்பதானால் என்ன விலை கேட்பீர்கள் என்றும், கோப்பை கிடைக்காதவர்களிடம் வாங்குவதானால் என்ன தருவீர்கள் என்றும் கேட்டார்கள். கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தர முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. சில நிமிடங்களுக்கு முன்பு கைக்கு வந்த கோப்பைக்கே இந்த நிலை என்றால், பல ஆண்டுகள் நம்மோடு வீடு மாறி வந்த பொருளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதிலிருந்து ஒரு நல்ல உத்தி பிறக்கிறது. 'இதைக் கொடுத்துவிடலாமா?' என்று கேட்பதை விட்டு, 'இது என்னிடம் இல்லை என்று வைத்துக்கொண்டால், இன்று வெளியே போய் இதை வாங்கி வருவேனா?' என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டதும் பெரும்பாலான பொருள்களுக்கு விடை உடனே வந்துவிடுகிறது.

அதிக விலை கொடுத்து வாங்கியதை எப்படி விடுவது?

அந்தப் பணம் வாங்கிய அன்றே செலவாகிவிட்டது. பொருளை அலமாரியில் வைத்திருப்பதால் அது திரும்பி வராது. மாறாக, கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் செலவு நினைவுக்கு வந்து மனத்தை உறுத்தும். நல்ல நிலையில் இருந்தால் விற்றுவிடலாம். ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் 'விற்க வேண்டியவை' என்ற பெயரில் இன்னொரு குவியல் உருவாகிவிடும்.

'எப்போதாவது உதவும்' என்று தோன்றும் பொருள்களை என்ன செய்வது?

வீடுகளை நிறைப்பதில் இந்த ஒரு வாசகத்துக்கு இணை கிடையாது. எந்த வீட்டிலும் ஓர் இழுப்பறை இருக்கும்: எந்தப் பூட்டுக்கு உரியவை என்று தெரியாத நான்கைந்து சாவிகள், எப்போதோ கைமாறிப்போன கைப்பேசியின் மின்னேற்றி, மூக்கு அடைத்துக்கொண்ட பசைக்குழாய், இணையை இழந்த ஒற்றைக் காதணி, ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்த மின்கலங்கள், எழுத்தெல்லாம் மங்கி வெறும் தாளாகிவிட்ட இரசீதுகள். ஒவ்வொன்றும் உள்ளே போன நாளில் 'இருக்கட்டும்' என்று சொல்லப்பட்டதுதான். அந்த இழுப்பறையில் உண்மையில் சேர்ந்திருப்பவை நாம் எடுக்காமல் தள்ளிவைத்த முடிவுகள்.

'எப்போதாவது' என்பதை இரண்டு கேள்விகளால் சோதிக்கலாம். அந்த நாள் வந்தால், இது வீட்டில் இருப்பது நம் நினைவுக்கு வருமா, வந்தாலும் உடனே எடுக்க முடியுமா? முடியாதென்றால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். அடுத்து, இது இல்லாமற்போனால் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கவோ எளிதில் புதிதாகப் பெறவோ இயலுமா? இயலுமென்றால் துணிந்து விடலாம். மாற்று கிடைக்காத உதிரிப் பாகங்கள், அவசரகால விளக்கு, முதலுதவிப் பெட்டி, நல்ல கருவிகள் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எளிமையான வீட்டின் மேல் உள்ள ஆசையால் அடிப்படைத் தேவைகளையே கழித்துக்கட்டிவிட்டுப் பிறகு அலைபவர்களும் உண்டு. மீண்டும் வாங்குவது எளிதாக இல்லாத நிலையில் உள்ளவர்கள் கூடுதலாகச் சிலவற்றை வைத்திருப்பது நியாயமான முன்னெச்சரிக்கை, அதை யாரும் குறை சொல்லக் கூடாது.

முடிவெடுக்க முடியாதவற்றை ஒரு பெட்டியில் போட்டு, ஒட்டி, மேலே அன்றைய தேதியை எழுதி வையுங்கள். ஓராண்டுவரை அதை யாரும் தேடாவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று கிளறாமல் கொடுத்துவிடலாம். கிளறினால் மீண்டும் முதலிலிருந்து வாதம் தொடங்கும்.

நல்ல பொருளை விசேஷ நாள்களுக்கென்று எடுத்து வைப்பது தவறா?

தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் பொருள்கள் பூட்டிய அலமாரிக்குள்ளும் மூப்படைகின்றன என்பதை அறிந்துகொண்டு செய்யுங்கள். பாலியூரித்தேன் எனும் நெகிழியால் ஆன அடிப்பாகம் கொண்ட காலணிகள், அணியாமல் வைத்திருந்தாலும், காற்றில் உள்ள ஈரத்தால் சில ஆண்டுகளில் சிதைந்து, என்றோ ஒருநாள் ஆசையாக அணிந்து நடக்கும்போது துண்டுதுண்டாக உதிர்ந்துவிடும். ஆடைகளின் மீள்பட்டி (எலாஸ்டிக்) இழுவை இழந்து தளர்ந்துவிடும். ஊற்றுப் பேனாவுக்குள் மை உறைந்து வழியை அடைக்கும். கைக்கடிகாரத்தின் உள்ளே மின்கலம் கசிந்து எந்திரத்தை அரிக்கும். சில பொருள்கள் புழக்கத்தில் இருக்கும்வரைதான் நலமாக இருக்கின்றன. உங்களிடம் உள்ளவற்றிலேயே அழகான கோப்பையில் இன்றைக்கே பருகுங்கள்; அது உடைந்தாலும் பயன்பட்டு உடைந்தது என்ற நிறைவு இருக்கும். மகிழ்ச்சி தரும் பொருள் என்று ஒன்றைச் சொல்லிவிட்டு அதைக் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் வைப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

கற்றுக்கொள்ளலாம் என்று வாங்கித் தொடாமலே கிடக்கும் இசைக்கருவி, உடற்பயிற்சிக் கருவி போன்றவற்றை என்ன செய்வது?

அவற்றை வாங்கும்போது நாம் ஆக விரும்பிய ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொண்டு வாங்கினோம். அவற்றை விடுவது அந்தக் கற்பனையை விடுவதுபோல் இருப்பதால்தான் வலிக்கிறது. முதலில் அந்தக் கருவிக்கு ஒரு நேர்மையான வாய்ப்பைக் கொடுங்கள்: உறையிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, நடக்கும் வழியில் வையுங்கள். ஒரு மாதத்தில் கை அதன் பக்கம் போனால் அது உங்களுடையது. போகாவிட்டால், உண்மையிலேயே கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அது போய்ச் சேரட்டும். ஒலிக்காத கருவி ஒலிக்கத் தொடங்குவது நல்ல செய்திதான்.

பரிசாக வந்ததைக் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம். கொடுத்தவரின் அன்பு, அதைக் கையில் வாங்கிய அந்த நேரத்திலேயே நம்மை வந்து சேர்ந்துவிட்டது. அவர் கண்ணில் படும்படி விற்பதையோ, அவருக்கு நெருங்கியவர்களிடமே கொடுப்பதையோ தவிர்த்தால் போதும்.

மறைந்த அன்புக்குரியவர்களின் பொருள்களை எப்போது, எப்படிப் பிரிப்பது?

எல்லாக் கேள்விகளிலும் இதுவே கடினமானது. இதற்கு அவசரமே கூடாது. வாடகை வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருப்பது போன்ற கட்டாயம் இல்லாவிட்டால், முதல் சில மாதங்களுக்கு எதையும் தொடாமல் இருப்பதே நல்லது. துயரத்தின் தொடக்கத்தில் சிலர் எல்லாவற்றையும் ஒரே நாளில் அகற்றிவிடுகிறார்கள், சிலர் ஒரு கைக்குட்டையைக்கூட நகர்த்த விடுவதில்லை. இரண்டுமே வலியின் வேகத்தில் எடுக்கப்படும் முடிவுகள். ஆவணங்கள், சொத்துத் தாள்கள், வங்கி தொடர்பானவை ஆகியவற்றை மட்டும் முதலிலேயே தனியே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சட்டைப் பைகளையும் நூல்களின் பக்கங்களையும் தவறாமல் பாருங்கள். கடிதங்களும் பணமும் ஒளிப்படங்களும் அங்கேதான் மறைந்திருக்கும்.

பிரிக்கும் நாள் வரும்போது தனியாகச் செய்யாதீர்கள். அவரை அறிந்த ஒருவர் கூடவே இருந்தால், ஒவ்வொரு பொருளும் ஒரு கதையைக் கிளப்பும். அந்தக் கதைகளைப் பேசி முடிப்பதும் பிரிப்பதைப் போலவே முக்கியம். குடும்பத்தில் யாருக்கு எது வேண்டும் என்பதை, பெட்டிகளைத் திறப்பதற்கு முன்பே எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். பெரும் மதிப்புள்ள பொருள்களைவிட, ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தை முன்னிட்டுத்தான் உடன்பிறந்தவர்களுக்குள் ஆறாத மனத்தாங்கல் வருகிறது. மனம் வெளிப்படையாகக் கேட்கக் கூசும் பொருள்தான் பெரும்பாலும் மனத்துக்கு மிக நெருக்கமானது.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதால் அவர் கூடவே இருப்பதாகிவிடாது. அவரை முழுமையாக நினைவூட்டும் சிலவற்றைத் தேர்ந்தெடுங்கள், தேர்ந்தெடுத்தவற்றைப் புழங்குங்கள். ஒருவர் ஆயுள் முழுவதும் எழுதிய ஊற்றுப் பேனாவை எடுத்துக்கொள்வோம். அவர் பிடித்த சாய்வுக்கு ஏற்றபடி முள்ளின் நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். கட்டைவிரல் அழுந்திய இடத்தில் நிறம் மங்கியிருக்கும். மூடியின் கொக்கி சட்டைப் பையில் செருகிச் செருகித் தளர்ந்திருக்கும். அதை வெந்நீர் படாமல் குளிர்ந்த நீரில் கழுவி, மை நிரப்பி, நீங்கள் எழுதத் தொடங்கினால், முள் முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு உங்கள் கைக்கு இணங்கும். ஐம்பது சட்டைகள் அடங்கிய மூடிய பெட்டியைவிட இந்தப் பேனா அவரை உங்களோடு அதிக நேரம் இருக்கச் செய்யும்.

விட முடியாததற்குக் காரணம் நினைவு அழிந்துவிடும் என்ற அச்சமாக இருந்தால், ஒளிப்படம் எடுத்துக்கொள்வது உதவுகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், நினைவுள்ள பொருள்களைப் படம் எடுத்துக்கொண்டு பிறகு தானம் செய்யுங்கள் என்று அறிவிப்பு வைத்த விடுதிகளில், வெறுமனே தானம் கேட்ட விடுதிகளைவிட ஏறத்தாழ 15 சதவீதம் அதிகமான பொருள்கள் சேர்ந்தன. படத்தோடு இரண்டு வரி எழுதி வைத்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் பொருளின் கதை தெரிந்தவர்கள் போன பிறகு அடுத்த தலைமுறைக்குப் படம் மட்டும் போதாது.

ஆடைகளை எப்படிப் பிரிப்பது?

இப்போதுள்ள உடலுக்குப் பொருந்துபவை, உடுத்தி வெளியே போனால் நிமிர்ந்து நடக்கவைப்பவை ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மெலிந்த பிறகு அணியலாம் என்று வைத்திருக்கும் ஆடை, ஒவ்வொரு காலையிலும் நம் உடலைக் குறைசொல்லிக்கொண்டு தொங்குகிறது. அந்தப் பேச்சு நமக்குத் தேவையில்லை. எது அணியப்படுகிறது என்று தெரியாவிட்டால், எல்லா ஆடை மாட்டிகளின் கொக்கியையும் ஒரே பக்கம் திருப்பி வைத்து, அணிந்து துவைத்துத் திரும்பும் ஆடையை மட்டும் மறுபக்கமாக மாட்டி வாருங்கள். எல்லாப் பருவங்களும் ஒரு முறை கடந்து சென்ற பிறகும் திரும்பாத மாட்டிகள் உங்களுக்கு விடை சொல்லும்.

நூல்களையும் களைய வேண்டுமா?

கட்டாயம் இல்லை. படிக்காத நூல்கள் வீட்டில் இருப்பதை நான் குறையாகக் கருதுவதில்லை, அவை இனி வரப்போகும் மாலைப்பொழுதுகளுக்கான அழைப்புகள். ஆனால் இரண்டு வரிசையாக அடுக்கி, பின்வரிசையின் முதுகுகளே தெரியாமல் வைத்திருந்தால் அங்கே நூலகம் இல்லை, சேமிப்புக் கிடங்குதான் இருக்கிறது. மறுபடி எடுக்கமாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தவற்றையும், காலம் கடந்துவிட்ட தேர்வு வழிகாட்டிகளையும் கணினிக் கையேடுகளையும் விடலாம். ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் குறிப்பு எழுதிய நூல்களைப் பற்றி மட்டும் இருமுறை யோசியுங்கள்.

காகிதக் குவியலை எப்படிக் குறைப்பது?

பிறப்பு, கல்வி, திருமணம், சொத்து, காப்பீடு, மருத்துவம் தொடர்பான மூல ஆவணங்களை ஒரே உறையில் அல்லது பெட்டியில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள். வரி தொடர்பான தாள்களை உங்கள் நாட்டின் விதி கேட்கும் காலம்வரை வைத்திருக்க வேண்டும். உத்தரவாதம் உள்ள பொருளின் இரசீதை வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான இரசீதுகள் வெப்பத்தால் கறுக்கும் தாளில் அச்சாகின்றன, வெளிச்சமும் வெப்பமும் பட்டால் தேவைப்படும் நாளில் அதில் ஒன்றும் இருக்காது. மற்றவை போகலாம். பெயர், முகவரி, கணக்கு எண் உள்ள தாள்களைக் கிழித்துச் சிறு துண்டுகளாக்கிய பிறகே வெளியே போட வேண்டும்.

பழைய ஒளிப்படங்கள், காணொளி நாடாக்கள், கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் சேர்ந்த படங்கள்?

மூன்றையும் ஒரே அவசரத்தோடு அணுக வேண்டியதில்லை. நாடாக்கள்தான் முதலில். அவற்றின் காந்தப் பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கிறது. காணொளி நாடாக் கருவிகளைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இயங்கும் கருவி கிடைக்கும்போதே எண்மக் கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள்.

தாள் படங்கள் நாடாக்களைவிட நீண்ட நாள் தாங்கும். ஆனால் பசைப் பக்கங்களும் நெகிழி மூடியும் கொண்ட தொகுப்பேடுகளில் ஒட்டியவை அந்தப் பசையாலேயே மஞ்சளாகிக் கெடும். பொறுமையாகப் பிரித்து, அமிலமற்ற தாள் உறைகளுக்கு மாற்றி, படத்தில் இருப்பவர்களின் பெயரையும் ஆண்டையும் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது, தள்ளிப்போடாதீர்கள். மங்கலானவற்றையும், யாரும் இல்லாத இயற்கைக் காட்சிகளில் ஒன்றுபோல் இருப்பவற்றையும் விட்டுவிடலாம்.

கைப்பேசிப் படங்களைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் ஒரே நாளில் சலிக்க முயலாமல், இதே தேதியில் முந்தைய ஆண்டுகளில் எடுத்த படங்களை மட்டும் நாள்தோறும் பார்த்து வந்தால் ஓராண்டில் முழுத் தொகுப்பும் சீராகிவிடும். மிக விரும்புபவற்றை அச்சிட்டு வையுங்கள். நகல்களை இரண்டு வேறு இடங்களிலாவது சேமியுங்கள்.

வீட்டில் மற்றவர்கள் ஒத்துழைக்கவில்லை. அவர்களுடைய பொருள்களை நானே களையலாமா?

கூடாது. சொல்லாமல் எடுத்துப் போட்ட ஒரு பொருள், அதற்கு உரியவர் மீதம் உள்ள எல்லாவற்றையும் இறுகப் பற்றிக்கொள்ளக் காரணமாகிவிடும். இழந்த நம்பிக்கையை எந்த ஒழுங்கான அலமாரியாலும் ஈடுசெய்ய முடியாது. உங்களுடைய பொருள்களை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். அதனால் கிடைக்கும் வெற்றிடத்தையும் நிம்மதியையும் மற்றவர்கள் பார்ப்பார்கள், சிலர் தாமாகவே தொடங்குவார்கள். பொதுவான இடங்களுக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து விதி வகுத்துக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்கும் இது பொருந்தும். கிழிந்த பொம்மை உங்களுக்குக் குப்பையாகத் தெரியலாம், ஆனால் அது இல்லாமல் குழந்தைக்கு உறக்கம் வராது. எதைக் கொடுக்கலாம் என்று குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். முதல் முறை ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும் போதும், மெச்சுங்கள்.

அடுக்கி வைக்க அழகான பெட்டிகளை முதலில் வாங்கிவிடலாமா?

வேண்டாம். களைந்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பெரும்பாலும் தேவையே இருக்காது.

அடைசல் உடல்நலத்தையும் மனநலத்தையும் பாதிக்குமா?

தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இருவரும் வேலைக்குச் செல்லும் 30 தம்பதிகள் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டியபடி பேசியதைப் பதிவுசெய்து, அவர்களுடைய உமிழ்நீரில் கார்ட்டிசால் எனும் மன அழுத்தச் சுரப்பின் அளவையும் பார்த்த ஆய்வு 2010-இல் வெளியானது. தம் வீட்டை அடைசலாகவும் முடிவுறாத வேலைகள் நிறைந்ததாகவும் வருணித்த பெண்களிடம், பகல் முழுவதும் இயல்பாகக் குறைய வேண்டிய அந்தச் சுரப்பு போதிய அளவு குறையவில்லை. அடைசல்தான் காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. களைத்துப்போனவர்களுக்கு வீடு அப்படித் தெரிந்திருக்கவும் கூடும். வீட்டுவேலையின் சுமை யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

சாதாரண அடைசல் வேறு, பொருள் பதுக்கும் கோளாறு வேறு. பொருளின் மதிப்பு எதுவானாலும் அதை விடுவது தாங்கமுடியாத துன்பமாகி, படுக்கையில் படுக்கவோ அடுப்பைப் பற்றவைக்கவோ இயலாத அளவுக்கு அறைகள் நிறைந்துவிட்டால், அது சோம்பல் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் இதைத் தனிக் கோளாறாக வகைப்படுத்தியது. இதற்கென வடிவமைக்கப்பட்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சின் வழியே படிப்படியாக மாற்றும் சிகிச்சை, உதவுகிறது. பாதிக்கப்பட்டவர் வெளியே போயிருக்கும்போது உறவினர்கள் புகுந்து எல்லாவற்றையும் அகற்றுவது பெரும் அதிர்ச்சியைத் தரும். பொருள்களும் விரைவில் மீண்டும் சேர்ந்துவிடும். மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள், அதுவரை வெளியேறும் வழியிலும் அடுப்பின் அருகிலும் மட்டும் எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

களைந்தவற்றை எங்கே சேர்ப்பது?

நல்ல நிலையில் உள்ளவற்றைக் கொடுக்கும்போது, வாங்குபவரிடம் அது தேவையா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கறை படிந்த ஆடையையும் ஓட்டை உடைசலையும் தானம் என்ற பெயரில் அனுப்பினால், தரம் பிரிக்கும் வேலையையும் குப்பையையும் சேர்த்து இன்னொருவர் தலையில் கட்டியவர்களாவோம். துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுப்பது பெறுபவருக்கு நாம் செய்யும் மரியாதை.

மின்னணுப் பொருள்களைப் பொதுக் குப்பையில் போடக் கூடாது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கின்படி 2022-இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம் மட்டுமே. பழைய கைப்பேசியில் உள்ள தரவுகளை அழித்து, கணக்குகளிலிருந்து வெளியேறிய பிறகு மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள். லித்தியம் மின்கலம் குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அதன் முனைகளை ஒட்டுநாடாவால் மூடித் தனியே ஒப்படைக்க வேண்டும். உப்பிப்போன மின்கலத்தை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. காலாவதியான மருந்துகளைத் திரும்பப் பெறும் மருந்தகம் இருந்தால் அங்கே கொடுங்கள், கழிவுநீரில் கொட்டாதீர்கள்.

ஒருமுறை ஒழுங்குபடுத்திய வீடு ஏன் மீண்டும் நிறைந்துவிடுகிறது?

உள்ளே வரும் வழி திறந்தே இருப்பதால். புதிய பொருள் தரும் மகிழ்ச்சி சில நாள்களில் பழகிப்போகிறது, மனம் அடுத்ததைத் தேடுகிறது. ஒரு புதிய பொருள் மற்றப் பொருள்களைப் பழையதாகக் காட்டுவதும் உண்டு. பிரெஞ்சு மெய்யியலாளர் தெனி தீதரோ, தமக்குக் கிடைத்த ஒரு புதிய அங்கிக்குப் பக்கத்தில் அறையில் இருந்த எல்லாமே மட்டமாகத் தெரிந்ததால், நாற்காலி முதல் மேசை வரை ஒவ்வொன்றாக மாற்றி, இறுதியில் பழைய அங்கியை எண்ணி ஏங்கியதை 1769-இல் எழுதினார். மானிடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1988-இல் இந்தத் தொடர் விளைவுக்குத் தீதரோவின் பெயரையே சூட்டினார். புதிய திரைச்சீலை வந்ததும் மெத்தை விரிப்பு பொருந்தவில்லை என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

வாங்கத் தோன்றியதைத் தேதியோடு குறித்துவைத்து ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் மேல் இருந்த ஆசை தானாக ஆறிவிடும். பழுதானதைச் சரிசெய்து பயன்படுத்துங்கள். கையால் தைத்த ஒட்டு, புதிதாக மாட்டிய பிடி ஆகியவற்றால் பொருள் நமக்கு மேலும் நெருக்கமாகிறது. இலவசம் என்பதற்காக மட்டும் எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

கொடுத்த பிறகு வருத்தப்பட்டால்?

சில பொருள்களுக்காக வருந்தத்தான் செய்வோம். வாங்கியவர் தெரிந்தவராக இருந்தால் தயங்காமல் கேட்டுப் பாருங்கள். இன்னும் புழக்கத்துக்கு வராமல் இருந்தால் பலர் மகிழ்ச்சியோடு திருப்பித் தருவார்கள். கிடைக்காது என்றால், அந்த வருத்தம் எதற்காக என்று கவனியுங்கள். பயன்பாட்டுக்காக என்றால் இரவல் வாங்கியோ மாற்று தேடியோ சமாளித்துவிடலாம். ஒரு மனிதரையோ ஒரு காலத்தையோ முன்னிட்டு என்றால், அந்தப் பொருளோடு தொடர்புள்ள வேறு ஏதாவது உங்களிடம் நிச்சயம் மிஞ்சியிருக்கும். அதைத் தேடி எடுத்து, இனி விடக்கூடாதவை என்ற முதல் நாள் பட்டியலில் எழுதிவிடுங்கள்.